விபத்துப் பதிவேட்டின் முதல் வரியை யார் சொல்கிறார்கள்?

பெறுநர்: தமிழ்நாடு அரசின் தொழிலாளர் துறைச் செயலாளர், மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநர்

மதிப்புக்குரிய அலுவலர்களுக்கு,

பவர் பிரஸ்ஸில் (தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரத்தில்) விரல்களை இழந்தவரின் இழப்பீட்டு வழக்கு தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் முன்னால்தான் தோற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பல வழக்குகள் அதற்கு வெகு முன்பே, காயம்பட்ட அன்றைக்கே, மருத்துவமனையின் அவசரப் பிரிவு மேசையில் தோற்றுவிடுகின்றன. பணியிலிருக்கும் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுகிறார்: "வீட்டில் இரும்புக் கதவில் கை நசுங்கியதாகச் சொல்லப்படுகிறது." அல்லது, "பைக்கிலிருந்து விழுந்ததாக." அதைச் சொன்னவர், காயம்பட்டவரை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்த சூப்பர்வைசர். காயம்பட்டவர் வலியிலோ ஊசி மயக்கத்திலோ கிடக்கிறார். அவர் தமிழ் தெரியாத ஒடிசாக்காரராகவும் இருந்துவிட்டால் அப்படி ஒரு வரி எழுதப்பட்டதே அவருக்குத் தெரியாது.

வழக்கு விசாரணைக்கு வரும்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. ஏ.ஆர். காப்பியை, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகலை, எடுத்து நீட்டினால் போதும். சம்பவத்தன்றே மருத்துவர் எழுதியது இது, பட்டறை என்ற பேச்சே இதில் இல்லை, பிறகு சொல்வதெல்லாம் ஜோடனை என்பார். அந்த ஒரு வரியை உடைக்க உடன் வேலை பார்த்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். அவர்கள் அதே முதலாளியிடம் இன்னும் வேலையில் இருக்கிறார்கள்.

இந்த வரியை உங்கள் மூன்று துறைகளும் சேர்ந்துதான் சரிசெய்ய முடியும் என்பதால் மூவருக்கும் ஒரே மடலாக எழுதுகிறோம். இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பெரும்பாலும் அதே உள்ளடக்கத்தோடு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் ஏழாம் அத்தியாயத்துக்குள் போய்விட்டது. விதிகளும் படிவங்களும் மாறும் காலம் இது. இந்த நேரத்திலும் முதல் நாள் காகிதத்தை யாரும் கண்டுகொள்ளாமல் விட்டால் இன்னொரு தலைமுறைக்கு அது அப்படியே நிற்கும். கீழே நாங்கள் குறிப்பிடும் இழப்பீட்டுப் பிரிவு எண்கள் 1923 சட்டத்தினுடையவை. நிலுவையில் உள்ள பழைய வழக்குகள் அந்த எண்களில்தான் நடக்கின்றன, ஆணையர் அலுவலகங்களில் எல்லோர் வாயிலும் இருப்பதும் அவைதான்.

சிறு பட்டறைகளில் இந்தக் காகிதத்தின் எடை இன்னும் கூடிவிட்டது. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் மின்விசையோடு 10 பேர் வேலை செய்தாலே அது தொழிற்சாலை. பணிப்பாதுகாப்புத் தொகுப்பு அந்த எல்லையை 20 பேராக உயர்த்திவிட்டது. அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும் ஒரு ஷெட்டுக்குள் நான்கு பிரஸ், இரண்டு லேத், பதினைந்து ஆட்கள் என்று ஓடும் இடங்கள் எத்தனையோ. தொழிற்சாலைக்கான தனி விதிகள் அங்கே இனி பொருந்தாது. இழப்பீட்டுச் சட்டத்துக்கோ ஆள் கணக்கு கிடையாது. மின்விசை கொண்டு உற்பத்தி நடக்கும் இடத்தில் ஒரே ஒருவர் வேலை பார்த்தாலும் அவருக்கு உரிமை உண்டு. உரிமை இருக்கிறது, அதைக் காட்ட அரசு முத்திரையோடு இருக்கும் ஒரே சான்று மருத்துவமனைக் காகிதம். அதிலும் கதவிடுக்கு என்று எழுதியிருக்கிறது.

எவ்வளவு பணம் இதில் பறிபோகிறது என்று கணக்காகவே சொல்கிறோம். எட்டுப் பேர் வேலை செய்யும் பிரஸ் பட்டறை, இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு வரம்புக்குள் வராதது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேட்டருக்கு வயது 30, சம்பளம் 18,000 ரூபாய். 2020 ஜனவரி அறிவிப்பின்படி கணக்குக்கு எடுக்கும் மாதச் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். (18,000 வாங்கியவருக்கு 15,000 என்று கணக்கிடுவதே அநியாயம். அது மத்திய அரசிடம் பேச வேண்டிய விஷயம்.) முழு நிரந்தர ஊனத்துக்கு அதில் 60 சதவீதம், அதாவது 9,000. முப்பது வயதுக்குச் சட்டம் தரும் பெருக்கு எண், அதாவது காரணி, 207.98. பெருக்கினால் 18,71,820 ரூபாய். சட்டத்தின் காய அட்டவணைப்படி கட்டைவிரல் போனால் 30 சதவீதம்: 5,61,546 ரூபாய். ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 சதவீதம்: 9,35,910 ரூபாய். ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14 சதவீதம்: ஏறக்குறைய 2,62,000 ரூபாய். குணமாகும் வரை அரைமாதத்துக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் கால்பங்கு, 3,750 ரூபாய், தனியாக வர வேண்டும். சிகிச்சைக்கு அவர் செலவழித்த தொகை முழுவதும் பிரிவு 4(2ஏ)-இன்படி திருப்பித் தரப்பட வேண்டும். விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் இழப்பீட்டைக் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. தக்க காரணமில்லாத தாமதம் என்றால் 50 சதவீதம் வரை அபராதம்.

பட்டறையில் நடப்பது வேறு. "ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் நாங்கதானே பார்த்தோம்" என்று சொல்லி, கைச்செலவுக்குச் சில ஆயிரங்களைக் கொடுத்து, வெள்ளைத் தாளிலோ முத்திரைத் தாளிலோ கையெழுத்து வாங்குகிறார்கள். கை கட்டுப்போட்டிருந்தால் இடதுகைப் பெருவிரல் ரேகை. இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் இருக்கும். சட்டப்படி அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் எதுவும் பிரிவு 17-இன்படி செல்லாது. ஒப்பந்தம் போட்டால் ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். பதியாவிட்டால் முழுத் தொகைக்கும் முதலாளியே பொறுப்பு, ஆணையர் வேறுவிதமாகச் சொன்னாலொழிய கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் கழிக்க முடியாது. மருத்துவச் செலவுக்காகக் கொடுத்தது இழப்பீடாகவே கருதப்படாது. இறப்பு வழக்கில் குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்த பணம், மூன்று மாதச் சம்பளம் வரையிலான முன்பணம் தவிர, இழப்பீடு கொடுத்ததாகக் கணக்கில் வராது. எல்லாம் ஆணையரிடம் கட்டப்பட வேண்டும். நலவாரியம் தரும் உதவித்தொகை என்பது வேறு, இது வேறு. இவற்றைத் தொழிலாளிக்கு எழுத்தில் தெரியப்படுத்தும் கடமையை 2017 திருத்தம் முதலாளியின் தலையில் வைத்தது. வேலைக்குச் சேரும்போதே தர வேண்டும், தவறினால் 50,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றது. அப்படி ஒரு தாளை வைத்திருக்கும் தொழிலாளியை நாங்கள் பார்த்ததில்லை.

இனி இயந்திரத்துக்கு வருகிறோம், இயக்குநர் அவர்களே. இந்தப் பட்டறைகளில் இன்னும் ஓடும் பழைய மெக்கானிக்கல் பிரஸ்களில் பெரும்பாலானவை கீ கிளட்ச் வகை. பெடலை ஒருமுறை மிதித்தால் ஸ்ட்ரோக் முழுதாக இறங்கி ஏறித்தான் நிற்கும், பாதியில் நிறுத்த வழியில்லை. கிளட்ச்சை இணைக்கும் சாவி தேய்ந்தாலோ அதன் ஸ்பிரிங் உடைந்தாலோ, மிதிக்காமலேயே ராம் (மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகம்) இரண்டாம் முறை இறங்கும். "டபுள் அடிச்சிருச்சு" என்று ஆபரேட்டர்கள் சொல்வது இதைத்தான். முதல் ஸ்ட்ரோக் முடிந்தது என்று நம்பி பாகத்தை எடுக்கக் கை உள்ளே போயிருக்கும். இரண்டு கையாலும் அழுத்த வேண்டிய பொத்தான் வைத்த இடங்களிலும் ஒரு பொத்தானை டேப் ஒட்டியோ குச்சி செருகியோ அழுத்தியபடி விட்டிருப்பார்கள். ஒரு ஷிப்டுக்கு இத்தனை பீஸ் என்று இலக்கு வைத்தால் வேறெப்படி ஓட்டுவது?

விபத்து நடந்த சில மணி நேரத்தில் இந்தச் சான்றுகள் காணாமல் போகின்றன. சாவி மாற்றப்படும், கார்டு எனப்படும் பாதுகாப்புத் தடுப்பு திரும்ப மாட்டப்படும், டேப் கிழிக்கப்படும். பிறகு ஆணையர் முன்னால் முதலாளி தரப்பு சொல்லும்: "அவராகவே பாதுகாப்புக் கார்டைக் கழற்றினார்." பிரிவு 3 இப்படியொரு வாதத்துக்கு இடம் தருகிறது. இறப்புக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் அது செல்லாது. ஆனால் மூன்று விரல் போனவருக்குச் செல்லும். எதையும் மாற்றுவதற்கு முன்பே எடுத்த ஒரு புகைப்படம் இருந்தால் இந்த வாதம் எழவே எழாது.

அறுந்த விரலை என்ன செய்வது என்பதும் அந்த முதல் மணி நேரத்தில் முதலாளி தரப்பே தீர்மானிக்கும் விஷயமாக இருக்கிறது. தெரிந்த நர்சிங் ஹோமில் தையல் போட்டு அனுப்பிவிடுவதுதான் வழக்கம். போலீஸுக்குத் தகவல் போகாது என்பது அதன் வசதி. அறுந்த பாகத்தைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். ஐஸில் நேரடியாகப் போட்டால் திசு கெட்டுவிடும். முறையாகக் குளிரவைத்த விரல் பல மணி நேரம் தாங்கும். மணிக்கட்டோடு போன கைக்கு அவகாசம் குறைவு, தசை சீக்கிரம் செத்துவிடும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு போன்ற இடம் அரசிடமே இருக்கிறது. அங்கே போக வேண்டிய ஆள் தெருமுனை கிளினிக்கில் தையலோடு உட்கார்ந்திருக்கிறார். சாலை விபத்துக்கு 2021 டிசம்பரில் இன்னுயிர் காப்போம் திட்டத்தைக் கொண்டுவந்து முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்றுக்கொண்டது. அந்த 48 மணி நேரம் தொழிற்கூட விபத்துக்கும் வேண்டும்.

ஊனச் சதவீதத்தில் நடக்கும் குளறுபடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். மருத்துவர் சான்றிதழில் "20 சதவீத ஊனம்" என்று எழுதுகிறார். அது உடலின் ஊனமா, கையின் ஊனமா என்றுகூடப் பல சான்றுகளில் இருப்பதில்லை. சட்டம் கேட்பது சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீத இழப்பு என்பதை. அட்டவணையில் உள்ள காயத்துக்கு அட்டவணைச் சதவீதம் இருக்கிறது. அதில் இல்லாதவற்றுக்கு, உதாரணமாக நசுங்கிய மூட்டு, விறைத்துப்போன விரல், நரம்பு அறுந்து உணர்வில்லாத உள்ளங்கை, இவற்றுக்கு மருத்துவரின் மதிப்பீடுதான் எல்லாம். அவரோ நோயாளியின் வேலை என்ன, எந்தக் கையால் செய்பவர் என்றே கேட்பதில்லை. இடது கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், ஒரு கையால் தச்சுவேலை செய்ய முடியாது என்று சொல்லி முழு ஊனத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆண்டு 1976, பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு. இழப்பீடு விபத்து நாளிலிருந்தே கொடுபட வேண்டியதாகிவிடுகிறது என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது. ஐம்பது ஆண்டு ஆன பிறகும் சான்றிதழ்ப் படிவத்தில் "தொழில்" என்ற கட்டம் காலியாகவே வருகிறது.

இ.எஸ்.ஐ. உள்ள இடங்களில் வேறொரு வேடிக்கை. பத்துப் பேரோ அதற்கு மேலோ, சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் ஆள் இ.எஸ்.ஐ.க்குள் வர வேண்டும். வந்தால் நல்லதுதான்: வேலையிடக் காயத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம், இவ்வளவு நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஆனால் பதிவு செய்யாமல் வைத்திருந்து, விபத்து நடந்த சாயங்காலம் கணினியில் பெயரேற்றி, முந்தின நாள் சேர்ந்ததாகக் காட்டுகிறார்கள். உடனே கிளை அலுவலகத்துக்குச் சந்தேகம் வந்து பணப்பயன் நின்றுவிடும். சந்தேகத்தின் சுமை தொழிலாளி மேல். பதிவே செய்யாத இடத்தில் இன்னும் மோசம். இழப்பீட்டு ஆணையரிடம் போனால், "இவர் இ.எஸ்.ஐ.யில் வர வேண்டியவர், இ.எஸ்.ஐ. சட்டத்தின் பிரிவு 53 தடுக்கிறது" என்று முதலாளியே வாதாடுவார். பதிவு செய்யாதவரும் அவரே! இ.எஸ்.ஐ.யிடம் போனால் பெயர் இல்லை என்பார்கள். முதலாளி சந்தா கட்டத் தவறினாலும் தொழிலாளிக்குப் பயனைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்க அந்தச் சட்டத்தின் பிரிவு 68 வழி வைத்திருக்கிறது. வழி இருந்தும் ஆள் இரண்டு அலுவலகத்துக்கும் நடையாய் நடக்கிறார்.

வெளிமாநிலத் தொழிலாளியைக் கட்டு பிரிப்பதற்கு முன்பே ரயில் ஏற்றி அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஊருக்குப் போன பிறகு தமிழ்நாட்டுக்கு வந்து வழக்காட முடியாது என்று அவர் நினைத்துக்கொள்கிறார். விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் இடம், முதலாளியின் பதிவு அலுவலகம் இருக்கும் இடம், இந்த மூன்றில் எங்கே வேண்டுமானாலும் மனுப் போடலாம் என்று பிரிவு 21 சொல்கிறது. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, தக்க காரணம் இருந்தால் அதற்குப் பிறகும் ஏற்கலாம். ஆனால் கையில் காகிதம் இல்லாமல் எங்கே போட்டு என்ன? ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே எல்லாவற்றையும் சூப்பர்வைசர் "ஆபீஸ்ல குடுக்கணும்" என்று வாங்கி வைத்துக்கொள்கிறார். சம்பளம் உறையில் பணமாக வந்தது. மிஞ்சுவது வாட்ஸ்அப் குழுவில் வருகைக்காகப் போட்ட புகைப்படமும் ஜிபேயில் வந்த ஓரிரு முன்பணமும்தான்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களே, விபத்துப் பதிவேட்டில் நான்கு கட்டங்களைச் சேருங்கள்: காயம் நடந்த இடம் வீடா, சாலையா, வேலையிடமா என்பது, விவரம் சொன்னவர் பெயரும் நோயாளிக்கு அவர் என்ன உறவு என்பதும், வேலை கொடுத்தவரின் பெயர், முகவரி, காயப்படுத்திய இயந்திரம் அல்லது பொருள். கைக்காயம் எதுவானாலும் கூட வந்தவரை வெளியே நிறுத்திவிட்டு நோயாளியிடம் தனியாகக் கேட்க வேண்டும். மயக்கத்திலோ பேசமுடியாத நிலையிலோ இருந்தால் முதல் வரியைத் திருத்தாமல், 48 மணி நேரத்துக்குள் அவர் வாக்குமூலத்தை இரண்டாம் பதிவாகத் தேதியும் நேரமும் இட்டு எழுத வேண்டும். காயத்தில் கிரீஸோ இரும்புத்தூளோ இருந்தால், வெட்டு பிரஸ்ஸின் டை (அச்சு) விளிம்பு போல நேராக இருந்தால், அதையும் எழுத வேண்டும். கதவு கிரீஸ் பூசாது. பதிவின் நகல் கட்டணமில்லாமல் அன்றே நோயாளியின் கையிலோ குடும்பத்தார் கையிலோ தரப்பட வேண்டும், வேறு யாரிடமும் தரக்கூடாது. இந்த உத்தரவு தனியார் மருத்துவமனைகளுக்கும் சேர்த்துப் போக வேண்டும். ஊனச் சான்றில் தொழில், பயன்படுத்தும் கை, உறுப்பின் ஊனம், சம்பாதிக்கும் திறன் இழப்பு என்று தனித்தனிக் கட்டங்கள் வேண்டும். சான்று தந்த மருத்துவரைக் காணொளி வழியாக விசாரிக்க ஏற்பாடு செய்தால், மருத்துவர் வரவில்லை என்று வாய்தா மேல் வாய்தா போவது நிற்கும்.

தொழிலாளர் துறைச் செயலாளர் அவர்களே, வேலையிடம் என்று குறிக்கப்பட்ட ஒவ்வொரு பதிவும் அன்றே அந்தப் பகுதி இழப்பீட்டு ஆணையர் அலுவலகத்துக்கு வந்துசேர வேண்டும். உயிரிழப்பு என்றால் எந்த வழியில் தகவல் வந்தாலும் முதலாளிக்கு அறிவிப்பு அனுப்பி 30 நாளில் விளக்கம் கேட்க ஆணையருக்குப் பிரிவு 10ஏ அதிகாரம் தந்தது. விரல், கை, கண் இழப்புக்கும் அதே நடைமுறையைப் புதிய விதிகளில் எழுதுங்கள். உரிமை அறிவிப்பை ஒரே பக்கத்தில், தமிழ், இந்தி, ஒடியா, வங்கம், அசாமி மொழிகளில், வயதுக் காரணியும் கணக்கிட்ட மாதிரித் தொகையும் சேர்த்து அரசே அச்சிட்டுக் கொடுங்கள். அதைக் கொடுத்ததற்கான கையெழுத்து இல்லாத முதலாளிக்குச் சட்டம் சொல்லும் அபராதத்தைப் போடுங்கள். மனுவை மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறது பிரிவு 25ஏ. எந்த அலுவலகத்தில் எத்தனை மனு மூன்று மாதம் கடந்து கிடக்கிறது, காரணம் என்ன என்று மாதந்தோறும் வெளியிடுங்கள். இ.எஸ்.ஐ. கழகத்தோடு பேசி, எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை முதல் விசாரணையிலேயே எழுத்தில் முடிவுசெய்யவும், தவறான இடத்தில் வந்த மனுவை அலுவலகமே சரியான இடத்துக்கு அனுப்பவும் ஏற்பாடு செய்யுங்கள்.

இயக்குநர் அவர்களே, உறுப்பு இழப்பு நடந்த இயந்திரத்தை 24 மணி நேரத்துக்குள் புகைப்படமும் காணொளியும் எடுக்கும் வரை ஓட்டக்கூடாது, எதையும் மாற்றக்கூடாது என்று உத்தரவிடுங்கள். படத்தில் கிளட்ச் சாவி, ஸ்பிரிங், பெடல், கார்டு, பொத்தான்கள் தெரிய வேண்டும். அதன் நகல் ஆணையருக்குப் போக வேண்டும். இருபது பேருக்குக் குறைந்த பட்டறைகளுக்கு உங்கள் ஆய்வாளர் போக முடியாது என்றால், மருத்துவமனைத் தகவல் கிடைத்ததும் போய்ப் படமெடுக்கத் தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளருக்கு அந்த அதிகாரத்தைத் தர வழிசெய்யுங்கள். அறுந்த விரலை எப்படிக் கொண்டுபோவது, எந்த அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது என்ற படவிளக்கத்தைப் பிரஸ் ஓடும் ஒவ்வொரு ஷெட்டிலும் ஒட்டச் செய்யுங்கள்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டாம், சுற்றறிக்கை போதும். அதை மூன்று துறைகளும் கையெழுத்திட்ட ஒரே சுற்றறிக்கையாக வெளியிடுங்கள். தனித்தனியாக வந்தால் மருத்துவர் அது தொழிலாளர் துறை வேலை என்பார், ஆய்வாளர் மருத்துவமனையிலிருந்து தகவல் வரவில்லை என்பார். அதன் வரைவை இந்த மாத இறுதிக்குள் வெளியிட்டு, தொழிற்சங்கங்களிடமும் அவசரப் பிரிவு மருத்துவர்களிடமும் கருத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
காயம்பட்ட தொழிலாளர்களின் இழப்பீட்டு மனுக்களை எழுதிக் கொடுப்பவர்கள்